பதினோரு நிமிடச் சிங்கப்பூர்

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பிய விமானம், ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டரை நாலு மணி பத்து நிமிடத்தில் கடந்து போகவேண்டிய விமானம், மேலே ஏறி, ஒரு பக்கம் சாய்ந்து, சன்னலோரம் இருந்தவர்களுக்கு ஒரு துண்டுக் கடலைக் காட்டிவிட்டு, பதினோராவது நிமிடத்தில் சிங்கப்பூரில் இறங்கி நின்றது. விமானி எப்போதும் போன்ற குரலில் வந்து சேர்ந்துவிட்டோம் என்றார், வெளியே வெயில் எவ்வளவு என்று சொன்னார், நன்றி என்றார். உள்ளே இருந்த நூற்றெழுபது பேரில் ஒருவர்கூட இது எப்படி என்று கேட்கவில்லை. பதின்மூன்றாம் வரிசைக்காரர் ஒருவர் மட்டும் உப்புமா எங்கே என்று கேட்டார். முன்கூட்டியே சொல்லி வைத்த உப்புமா, அடுப்பு சூடாவதற்குள் ஊர் வந்துவிட்டதால் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த உப்புமாவைப் பற்றி அவர் மூன்று மாதம் புகார்க் கடிதம் எழுதினார்.

மறுநாளும் பதினோரு நிமிடம்தான். அதற்கு மறுநாளும் அப்படியே. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறவர்களுக்குப் பழைய நேரம் மாறவில்லை, திருச்சியிலிருந்து சென்னை போகிறவர்களுக்கும் மாறவில்லை, திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இருந்த வானம் மட்டும் துவைத்த பருத்திப் புடவையாகச் சுருங்கிப்போயிருந்தது. திருச்சிக்காரர்கள் அதைச் சுருக்கியவர்கள் தாங்கள்தான் என்ற முகத்தோடு நடந்தார்கள். இரண்டு கட்சிக்காரர்கள் ரவுண்டானாவில் எதிரெதிரே பேனர் கட்டி, தூரத்தைக் குறைத்த தத்தம் தலைவர்களுக்கு நன்றி சொன்னார்கள். சிங்கப்பூரில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏறியவன் இங்கே இறங்கும்போது, இரண்டரை மணி நேரம் பின்தங்கிய நம்ம கடிகாரத்தில் இன்னும் விடிந்து பல் விளக்கும் நேரம்தான் என்பதால், வந்தவுடன் இரண்டாம் முறையாக இட்லி சாப்பிட்டான். மூவாயிரம் கிலோமீட்டர் மடங்கியதில் நம்ம ஆட்கள் கண்ட முதல் பயன் அதுதான். பதினோரு நிமிடப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக வந்து நிற்கவேண்டும் என்ற விதியை யாரும் தொடவில்லை, நின்றவர்களும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் எழிலரசி. விமான நிலையத்துக்கு வெளியே, டாக்ஸிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், பெட்டி கட்டும் கடை வைத்திருந்தாள். அட்டைப் பெட்டியை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டுவது, மார்க்கரால் பெயர் எழுதுவது, எடை போட்டுப் பார்த்து முப்பது கிலோவுக்கு மேல் போனால் எதை வெளியே எடுப்பது என்று குடும்பத்துக்குள் சண்டை வரும்போது கத்திரிக்கோலோடு காத்திருப்பது, இதுதான் பன்னிரண்டு வருடமாக அவள் வேலை. எடை கூடிவிட்டால் பெற்றவள் இடித்துக் கொடுத்த பொடிதான் முதலில் வெளியே வரும், டப்பாவுக்குள் இருக்கும் செண்ட் பாட்டில் ஒருநாளும் வராது என்பதை அவள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அதனால் மனிதர்களைப் பற்றி அவளுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

தூரம் சுருங்கியதில் உண்மையில் ஆடிப்போனவர்கள் சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைகள்தான். அதுவரைக்கும் தூரம் ஒரு மரியாதையான பொருளாக இருந்தது. அப்பாவுக்கு ஆபரேஷனா, தூரம். தங்கச்சிக்கு வளைகாப்பா, தூரம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் கேட்டவர்களும் அடங்கிவிடுவார்கள், சொன்னவனும் நிம்மதியாகத் தூங்கலாம். இப்போது அது போய்விட்டது. ஒருவனுக்குத் திடீரென்று விமானம் ஏறினால் காது அடைத்தது. ஒருவனுக்கு முழங்கால் வலி வந்தது. ஒருவன் சாமிக்கு வேண்டிக்கொண்டு ஒரு வருடம் கடல் தாண்டுவதில்லை என்று விரதம் இருந்தான். இதைவிடக் கேவலம் என்னவென்றால், இந்தக் காரணங்களில் பாதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் இங்கே இருந்த பெற்றோர்கள்தான். பிள்ளை பதினோரு நிமிடத்தில் இருந்துகொண்டே வரவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்ல முடியுமா?

ஆகவே ஊர் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் தீர்மானம் எழுதவில்லை, ஆனால் ஆடி பிறப்பதற்குள் எல்லோரும் அதைக் கடைப்பிடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சிங்கப்பூர் எவ்வளவு நேரம் என்று யார் கேட்டாலும் நாலு மணி நேரம் என்று சொல்லவேண்டும், கொஞ்சம் பெருமூச்சும் விடவேண்டும். அங்கிருந்து வருகிறவர்கள் பதினோரு நிமிடத்தில் இறங்கி, நேராக வீட்டுக்குப் போய்விடாமல், எழிலரசியின் கடை பெஞ்சில் வந்து வரிசையாக உட்கார்ந்து, பெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பாக்கி மூன்று மணி ஐம்பத்தொன்பது நிமிடத்தையும் கழித்துவிட்டு, தலையைக் கொஞ்சம் கலைத்துவிட்டுக்கொண்டு, அலுத்துப்போன முகத்தோடு ஆட்டோ ஏறினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும். தெரிந்துகொண்டே வெந்நீர் வைத்துக் காத்திருந்தார்கள். வந்து இறங்கியதும், பாவம், எவ்வளவு தூரம், களைச்சுப் போயிருப்ப என்றார்கள், அவனும் ஆமாம் என்றான்.

இந்த ஏற்பாட்டில் சேராத ஒரே ஆள் துரைக்கண்ணு. விமான நிலையத்தில் டிராலி தள்ளுகிறவர், ஐம்பது வயதுக்காரர், ஒருநாளும் விமானம் ஏறாதவர். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் முன்னாலேயே டீயை ஆற்றிக்கொண்டு, பதினோரு நிமிஷம்தாங்க, நான் கீழே நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன் என்பார். விவரம் இல்லாத மனுஷன் என்று அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். எழிலரசி அவரை டீக்காசு கொடுக்க விட்டதில்லை.

எழிலரசிக்கும் சிங்கப்பூரில் ஒருவன் இருந்தான். அவள் தம்பி பாரிவள்ளல். அந்தப் பெயரை வைத்த அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், இருந்திருந்தால் அவரிடம் அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது. அவளுக்கு ஒரே மகள், இனியா, நடப்பது ஏழாம் வயது. அவர்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது ஒற்றைப்படை வயதில், குலதெய்வம் கோவிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து. முதல் தோடு அவன் போடவேண்டும். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறு ஒருவர் மடியில் உட்கார வைத்தால் அவனைச் செத்தவன் கணக்கில் வைத்ததாக அர்த்தம், அந்த அவமானத்தை எந்த அக்காவும் தன் தம்பிக்குச் செய்யமாட்டாள். ஒரு வயதில் அவன் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தான், லீவு கேட்க முடியாது என்றான். மூன்றில் வீடு மாற்றினான். ஐந்தில் மச்சினிக்குக் கல்யாணம் என்றான், அந்தக் கல்யாணத்துக்கு மதுரை வரைக்கும் வந்துவிட்டு, அங்கிருந்து திருச்சி தூரம் என்று அப்படியே திரும்பிப் போனான். ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ அனுப்பினான், மடியைக் காட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பான், அடியில் மாமா மடி ரெடி என்று எழுதியிருப்பான்.

ஐப்பசி வந்தால் இனியாவுக்கு எட்டு. ஒன்பதுக்குத் தள்ளிப்போடலாம் என்றால், பெண் பிள்ளை, நாளை உட்கார்ந்துவிட்டால் அப்புறம் மஞ்சள் நீராட்டுக்கு மூளிக் காதோடு நிற்க வைப்பதா என்று நாத்தனார்கள் கேட்டார்கள். நாத்தனார்கள் எதையும் கேட்பார்கள், அது எழிலரசிக்கு உறைக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்துவிட்டு வந்த பிள்ளையின் இரண்டு காது மடலிலும் பால்பாயிண்ட் பேனாவால் வைத்த புள்ளி இருந்தது, அதுதான் உறைத்தது. அதைத் துடைக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது, அழுகைக்குப் பின்னால் கோபம் வந்தது, ஆனாலும் ஒருதரம் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று தம்பிக்குப் போன் செய்தாள். ஆவணியில் நல்ல நாள் பார்த்திருப்பதாகச் சொன்னாள். அவன் நாலு மணி நேரம்கா என்றான். பெட்டி கட்டுகிற அக்காவிடம், தினமும் விமானம் ஏறி இறங்குவதைப் பார்க்கிறவளிடம், வாய் கூசாமல் நாலு மணி நேரம் என்றான்.

அவள் போனை வைத்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவன் கூட்டிப்போய் ஊர் சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன பேச்சில் எடுத்த பாஸ்போர்ட் ஒன்று பீரோவில் கன்னி கழியாமல் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்தாள். ஏஜெண்டைப் பிடித்து விசா வாங்கினாள். ஒரு சனிக்கிழமை காலை, கடையைக் கணவன் சுந்தரராசுவிடம் ஒப்படைத்துவிட்டு, கையில் ஒரு பையோடு விமானம் ஏறினாள். ஒரு துண்டுக் கடல் தெரிந்தது, அதில் ஒரு கப்பல்கூட முழுதாகத் தெரிவதற்குள் முடிந்துபோனது. இந்தக் குட்டையைத் தாண்டத்தானா ஏழு வருடம் என்று நினைத்தாள். சிங்கப்பூர் விமான நிலையத்திலிருந்து அவன் வீட்டுக்கு ரயிலில் போக ஐம்பது நிமிடம் ஆயிற்று.

ஏழாவது மாடி. கதவுக்கு வெளியே அவன் செருப்பு, அவன் மனைவியின் செருப்பு, அவன் மகனின் சின்ன ஷூ, மூன்றும் வரிசையாக இருந்தன. உள்ளே மீன் பொரியும் வாசம். திடீரென்று மணி அடித்தால் பயந்துவிடுவான் என்று, அந்த நேரத்திலும் அக்காக்காரி அக்காக்காரிதானே, முதலில் போன் செய்தாள். உள்ளே போன் அடித்தது. அவன் எடுத்தான்.

"அக்கா, ஆபீஸ்ல இருக்கேன்கா. சனிக்கிழமைன்னுகூடப் பாக்காம கூப்ட்டுட்டானுங்க" என்றான்.

"ஆவணிக்கு வருவியா தம்பி?"

"எனக்கு மட்டும் ஆசை இல்லியாக்கா? நெனச்சா வர்ற தூரத்துலயா இருக்கேன்? கடல் தாண்டில்ல கெடக்கேன்."

அதை அவள் இரண்டு காதாலும் கேட்டாள். கதவு வழியாக வந்த குரல் முந்தியது, போன் வழியாக வந்தது கொஞ்சம் பிந்தியது. கடல் தாண்டில்ல கெடக்கேன் என்று கதவு சொன்னது, அதையே போன் இன்னொருதரம் சொன்னது. சரிப்பா, உடம்பைப் பாத்துக்க என்று சொல்லி வைத்தாள். மணியை அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் அவன் திறந்திருப்பான், சிரித்திருப்பான், வாக்கா வாக்கா என்றிருப்பான், அவன் மனைவி காபி போட்டிருப்பாள், அந்தக் காபியை இவள் குடிக்கவேண்டி வந்திருக்கும். அதைவிட ரயில் ஏறிவிடலாம் என்று திரும்பி நடந்தாள். மத்தியானமே திருச்சிக்குத் திரும்பிவிட்டாள், கடை திறந்திருந்தது, இரண்டு பெட்டி கட்டினாள்.

திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போய் காதணி விழாப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தாள். தாய்மாமன் என்ற இடத்தில் தெய்வத்திரு பாரிவள்ளல் என்று போடச் சொன்னாள். அச்சகக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கி, எப்பம்மா என்று கேட்டார். போன சனிக்கிழமைதான் எனக்கே தெரிஞ்சுது என்றாள். அவர் உச்சுக்கொட்டிவிட்டு, எழுத்துப் பிழை இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொண்டார். சுந்தரராசு பத்திரிகையை இரண்டு தடவை படித்துவிட்டு, மடிக்கு யார் என்று கேட்டான். துரைக்கண்ணு அண்ணன் என்றாள்.

ஊரும் உறவும் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் தூரம் சுருங்கியதையே உப்புமாவோடு முடித்துக்கொண்டவர்கள் இதற்கா மலைக்கப் போகிறார்கள்? துக்கம் கேட்டு வந்தார்கள். நல்ல பையன் என்றார்கள். உடம்பு வருதா என்று கேட்டார்கள், வரலை என்றாள், தூரம்ல என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். பத்திரிகை போனில் சுற்றிச் சுற்றி ஒரு வாரத்தில் பாரிவள்ளலுக்கே போய்ச் சேர்ந்தது. அவன் பதறிப்போய்ச் சித்தப்பாவைக் கூப்பிட்டு, நான் உயிரோடதான இருக்கேன், இது என்ன சித்தப்பா அநியாயம் என்று கத்தினான். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, என்னப்பா பண்றது, எல்லாம் விதி, உங்க அக்காதான் ஒடிஞ்சு போயிட்டா, நீதான் தைரியம் சொல்லணும் என்றார். அத்தையைக் கூப்பிட்டான், அவள் அவன் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டு, உனக்குப் பிடிக்கும்னு அதிரசம் சுட்டு வச்சு சாமி கும்பிட்டேன்டா என்றாள். அவன் மச்சான்கள் வாட்ஸ்அப்பில் கும்பிட்ட கைகளை அனுப்பினார்கள். ஒருவர்கூட இது பொய் என்று சொல்லவில்லை. நாலு மணி நேரம் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு எதுவும் வரும்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலில் ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். துரைக்கண்ணு ஒரு மணி நேரம் முன்னதாகவே புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்து உட்கார்ந்திருந்தார். தன் வசதிக்குக் கால் பவுனில் ஒரு ஜோடித் தோடு வாங்கி, தாம்பாளத்தில் பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவில் வைத்திருந்தார். இனியா மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில் பாரிவள்ளல் வந்தான், வியர்த்து, கையில் வாசனைப் பொருள் விற்கும் கடையின் காகிதப் பையோடு.

யாரும் திடுக்கிடவில்லை. வழி விட்டார்கள். சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இவருக்குத் தனியா ஒரு இலை போட்டுப் படைச்சுடவா, இல்ல பந்தியிலயே உக்காருவாரா என்று யாரையோ கேட்டார். சித்தப்பா அவன் தோளில் கை வைத்து, பரிவாகத்தான் சொன்னார்:

"நீ ஏம்ப்பா இவ்வளவு சிரமப்பட்டு வந்த? அமாவாசைக்கு நாங்களே படையல் வைப்போம்ல."

அவன் அவர் கையைத் தட்டிவிட்டு அக்காவின் முன்னால் வந்து நின்றான். துரைக்கண்ணு நல்ல மனுஷன், அவனைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடம் விட எழுந்திருக்கப் பார்த்தார். ஆசாரி ஊசியைப் பிடித்தபடி எழிலரசியின் முகத்தைப் பார்த்தார். சுந்தரராசுவும் பார்த்தான். எழிலரசிக்கு உள்ளே ஏதோ இளகியது, அதை மறைத்து என்ன பயன், கூடப் பிறந்தவன், சின்ன வயதில் இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன், வந்து நிற்கிறான். ஒரு வார்த்தை சரியாகச் சொன்னால் போதும், பத்திரிகையைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் அவளுக்கு அந்த நிமிடத்தில் இருந்தது.

"அக்கா, நான் வந்துட்டேன்ல" என்றான் அவன்.

"வந்துட்ட" என்றாள். "எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"நாலு மணி நேரம்கா. ஒரே அலுப்பு."

எழிலரசி துரைக்கண்ணுவின் தோளை அழுத்தி உட்காரச் சொன்னாள். ஆசாரியின் பக்கம் திரும்பி, குத்துங்க என்றாள்.

ஆசாரி குத்தினார். இனியா முதல் காதுக்கு அழுதாள், இரண்டாவது காதுக்குத் துரைக்கண்ணுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். தோட்டைப் போட்டுத் திருகு வைத்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, காகிதப் பையோடு நின்றவனை ஏற இறங்கப் பார்த்தது.

"அம்மா, இது யாரு?"

"உன் தாய்மாமன்."

"செத்துட்டாங்கன்னு சொன்ன?"

"ஆமா, உனக்கு ஒரு வயசா இருக்கும்போது" என்றாள் எழிலரசி.

பந்தி நடந்தது. அவன் சாப்பிட்டானா என்று யாரும் கவனிக்கவில்லை, சமையல்காரர் ஓரமாக ஓர் இலையைப் போட்டு வடை பாயசத்தோடு பரிமாறி, கற்பூரம் காட்டிவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். சாயங்காலம் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எழிலரசி கோவில் வாசலில் நின்று தாம்பூலப் பையைக் கொடுத்து, போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க என்று எல்லோரையும் வழியனுப்பினாள். துரைக்கண்ணுவிடம் அதை இரண்டு தடவை சொன்னாள். கடைசி ஆளாகப் பாரிவள்ளல் வந்து நின்றான், கிளம்பறேன்கா என்றான். அவள் கூடையில் மிச்சம் எத்தனை பை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்றான், அந்த ஒரு சொல்லுக்குத்தான் நின்றான், அது கிடைத்தால் போதும் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. செத்தவர்களிடம் போயிட்டு வா என்று அவர்கள் பக்கத்தில் சொல்கிற வழக்கம் இல்லை.